சாம்பல் சேவலின் கழுத்து

ராவுத்தர் கைகாட்டிவிடும் ஓடையில் மீன் இருக்காது. போடியிலிருந்து மலைக்கு அவர் ஜீப்பில் போய்வந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் ஒருமுறை அவர் பேச்சைக் கேட்டுப் போய், நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றுவிட்டு வந்து தெரிந்துகொள்வார்கள். நானும் அப்படித் தெரிந்துகொண்டவன்தான்.

அப்போது நான் ஏலத்தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் மயிலாடும்பாறைப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. பிறகு திருப்பூரில் பனியன், கோட்டயத்தில் ஹோட்டல், காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பந்தல் என்று எந்த வேலையிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. மருந்தடிப்பில் மட்டும் கூடுதலாக இருந்தேன். மருந்து நெஞ்சைப் பிடிக்கும், ராத்திரிச் சோறு கசக்கும். இருந்தாலும் இருந்தேன். அந்த ஜீப் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஜீப் அவருடையது, ஓட்டுவதும் அவரே. உத்தமபாளையத்துக்காரர், போடியில் வீடு. விடியும்போது தோட்டத்துப் பெண்களை உள்ளே அடைத்து, எங்களைப் போன்ற ஆண்களைப் பின்னால் தொங்கவிட்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறுவார். கேரளத்துக்குள் நுழைந்து தோட்டத்தில் எங்களை இறக்கிவிட்டால், சாயங்காலம் ஏற்றும்வரை அவருக்கு வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், அல்லது வண்டிக்குள்ளேயே காலை நீட்டித் தூங்குவார்கள். இவர் சீட்டுக்கு அடியிலிருந்து தூண்டில் கம்பை எடுப்பார்.

தோட்டத்துக்கு மேலே தேயிலை, தேயிலைக்கும் மேலே மொட்டை மலை. அங்கேயிருந்து வரும் ஓடைகளில் டிரவுட் உண்டு. என்றோ துரைமார்கள் கொண்டுவந்து விட்ட மீன். குளிர்ந்த தண்ணீரில்தான் உயிரோடிருக்கும். உடம்பெல்லாம் கரும்புள்ளி, பக்கவாட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை. அதற்குப் புழுவும் மாவும் வைத்துப் பிடிக்கிறவர்கள் உண்டு. ராவுத்தர் இறகு வைத்துப் பிடிப்பார். சேவல் கழுத்து இறகைத் தையல் நூலால் தூண்டிமுள்ளில் சுற்றினால், பார்க்க ஒரு பூச்சிதான். ஓடைக்கு ஓடை பூச்சியின் நிறம் வேறு, அதற்கேற்ற இறகும் வேறு. மாசி, பங்குனியில் ஓடை மெலிந்து கண்ணாடியாக ஓடும். மரத்திலிருந்து பூச்சிகள் உதிரும். மீன்கள் மேலே பார்த்தபடி நிற்கும். அந்த இரண்டு மாதமும் ராவுத்தருக்குக் கால் தரையில் நிற்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மழையால் மருந்தடிப்பு நின்ற ஒரு நாள் அவரிடம் போய் நின்றேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்பிள்ளை.

"மாமா, எங்கன பிடிக்கிறீக?"

"பாலத்து ஓடைதேன் மாப்ளே. பாலத்துல எறங்கி அப்படியே மேல போ. கொய்யா மரம் ஒன்னு நிக்கும். அதத் தாண்டுனா ரெண்டாவது பாற. சத்தம் போடாமப் போகணும்."

போனேன். சத்தமே போடவில்லை. அந்த ஓடையில் தவளைகூட இல்லை. சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது கேட்டார்.

"என்ன மாப்ளே, கொய்யா மரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா."

"ரெண்டாவது பாற?"

"அதும் இருந்துச்சு."

"பெறகென்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

ஜீப்புக்குள் பெண்கள் சிரித்த சிரிப்பு போடிமெட்டு வரை ஓயவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வேறு எந்த விஷயத்திலும் அவருக்குப் பொய் வராது. செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஜன்னலில் தட்டி, "எத்தனை பேருய்யா?" என்பார். "ஏத்தக் கூடாத அளவுக்கு ஏத்தியிருக்கேன் சார்" என்பார் இவர். பின்னாலிருந்து பேச்சி கத்துவாள்: "பத்துப் பேருன்னு சொன்னா இந்த மனுசனுக்கு வாயி வெந்தா போகும்?" பேச்சிதான் அந்த ஜீப்பின் மூத்த பெண். உட்கார்ந்தால் இரண்டு பேர் இடம், பேசினால் நான்கு பேர் சத்தம். ஒருமுறை கூடலூரிலிருந்து இரண்டு பேர், இன்னொரு ஜீப் டிரைவருக்குப் பெண் கொடுப்பதைப் பற்றி ராவுத்தரிடம் விசாரிக்க வந்தார்கள். "தங்கமான பையன்" என்றார். அவர்கள் முகம் மலர்ந்தது. "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்" என்று முடித்தார். அந்தக் கல்யாணம் நின்றுபோனது. அதற்கப்புறம் அந்த டிரைவர் இவர் வண்டிக்கு வழி விட்டதே இல்லை.

இப்படிப்பட்டவர் ஓடை விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி என்று பேச்சியிடம் கேட்டேன். கவாத்து வேலை முடிந்து எல்லோரும் ஜீப்புக்குக் காத்திருந்த நேரம்.

"முன்னால இந்தாளுக்கு ஒரு கூட்டாளி இருந்தான்லே. பாலத்து ஓடைய அவனுக்குக் காட்டுனாக. அவன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம மச்சினங்கிட்டச் சொன்னான். அந்த மச்சினன் நாலு பேரக் கூட்டிட்டு வந்து பிளீச்சிங் பவுடரக் கரைச்சு விட்டுட்டான். மீனெல்லாம் வகுத்தக் காட்டிக்கிட்டு மெதந்துச்சு. விரலு தண்டிக் குஞ்சு, நகம் தண்டிக் குஞ்சு, எல்லாம். ராவுத்தரு பாலத்து மேல நின்னு பாத்தாக. பொட்டப்புள்ள மாதிரி அழுதாக."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எங்க மீனு? இன்னைக்கு வரைக்கும் அந்த ஓடையில ஒன்னுங் கெடையாது. அதேன், கேக்குறவன எல்லாம் அங்கன அனுப்பி வைக்கிறாக. செத்த ஓடையில போயி எவன் என்னத்தக் கொல்ல?"

அதிலிருந்து, அவர் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கொய்யா மரத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவது நின்றது.

பொய்யையும் அவர் சும்மா சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லை. அதற்குப் பாடுபடுவார். எங்கிருந்து வந்தாலும் திரும்பும்போது பாலத்தில் இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஏறி வருவார். ரோட்டு முக்கில் டீக்கடை வைத்திருந்த சேட்டன் எட்டிப் பார்க்கிற வரைக்கும் பாலத்திலேயே நிற்பார். பையில் இரண்டு மீனுக்கு மேல் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. மிச்சத்தை விட்டுவிடுவார் என்று பேச்சி சொல்வாள். விட்டதை யாரும் பார்த்ததில்லை, பிடித்ததையும் யாரும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு மாதம் மட்டும் அவர் பாடு திண்டாட்டம். நோன்பு மாதம். நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது. உண்மையைச் சொல்லவும் மனசு வராது. அதனால் ஓடையைப் பற்றி யார் என்ன கேட்டாலும் வாயே திறக்க மாட்டார். இது தெரிந்து பெண்கள் வேண்டுமென்றே கேட்பார்கள். "ராவுத்தரே, இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். அவர் ஜீப் கண்ணாடியைத் துடைப்பார். "பாலத்து ஓடையா?" என்பாள் அடுத்தவள். அவர் ஹாரன் அடிப்பார். எதிரே வண்டியே இருக்காது. "அல்லா பாத்துக்கிட்டு இருக்காரு, சொல்லுங்க" என்பாள் பேச்சி. "அவுக பாக்குறதுனாலதேன் சொல்லல" என்பார். அவ்வளவுதான் வரும்.

அந்த வருஷம் நோன்பு பங்குனியில் வந்தது. மீனுக்கும் அதுதான் காலம்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் மலை உச்சியில் இடி இடித்தது. பிறகு கோடை மழை, வானம் கிழிந்த மாதிரி ஒரு மழை. ஓய்ந்ததும் வேலையை முடித்துக்கொண்டு முக்குக்கு வந்தோம். ஜீப் நின்றது. ராவுத்தர் இல்லை. பாலத்தில் போய்ப் பார்த்தோம். பாலத்து ஓடையே சிவப்பாகப் புரண்டு ஓடியது. அப்படியானால் மற்ற ஓடைகளும் அப்படித்தான்.

மற்ற நாளென்றால் காலையில் ஏதாவது ஒரு பொய்யாவது சொல்லியிருப்பார். அதிலிருந்து எதையாவது ஊகிக்கலாம். அன்றைக்குக் கண்ணாடியைத் துடைத்ததோடு சரி. பாலத்து ஓடையை விட்டால் மேலே மூன்று ஓடைகள், மூன்று திசை. ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போகவும் முடியாது. இரண்டு நாளாக அங்கே ஆனை நடமாட்டம் இருந்தது. கும்பலாகத்தான் போக வேண்டும். இருட்டுவதற்குள் ஒரு ஓடைக்குத்தான் நேரம் இருந்தது.

சிலுவை நிற்கும் குருசடிக்குப் பக்கத்தில் மட்டும் போனுக்கு டவர் கிடைக்கும். ஓடிப்போய் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார். பேச்சியும் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நான்தேன், ஜீப்புல வர்ற மருந்தடிக்கிறவன்."

"சொல்லு தம்பி. வண்டி நின்னுபோச்சா?"

"வண்டி நிக்கிது. மாமாவத்தேன் காணோம். இங்கன மழ கொட்டி ஓடையெல்லாம் வெள்ளம். எந்தப் பக்கம் போறேன்னு உங்ககிட்ட ஏதும் சொன்னாகளா?"

"எங்கிட்டயா? கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து எங்கிட்ட எப்பச் சொன்னாக?" என்றார். "கட் பண்ணாத தம்பி. சேவலப் புடிச்சிட்டு வாரேன்."

"என்னலே சொல்றாக?" என்றாள் பேச்சி.

"சேவலப் புடிக்கப் போயிருக்காக."

"நேந்துவிடவா? அவுக சாமிக்குச் சேவலு ஆகுமா?"

போனில் கோழிகள் கத்தும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் உருண்டது. "நில்லுடா, நில்லுடா" என்று அக்காள் யாரையோ அதட்டினார். பிறகு மூச்சு வாங்கியபடி வந்தார்.

"தம்பி, செவலைக்கு ஒன்னுமில்ல. கருப்பனுக்கும் ஒன்னுமில்ல. சாம்பச் சேவலுக்குத்தேன் கழுத்துல புதுசாப் பிடுங்குன எடம் செவந்து கெடக்கு."

"அதுக்கென்னக்கா?"

"சாம்பலப் பிடுங்குன அன்னைக்கெல்லாம் அவுக கைலியில தைல மர வாசம் அடிக்கும். செவலையப் பிடுங்குனா ஒட்டுப்புல்லு ஒட்டியிருக்கும். கருப்பனப் பிடுங்குனா அட்டை கடிச்ச ரத்தம். துவைக்கிறவ நான்தேன? தைல மரம் எங்கன நிக்கிதோ அங்கன போங்க."

"இது மாமாவுக்குத் தெரியுமாக்கா?"

"தெரிஞ்சா கைலிய அவுகளே துவைச்சுக்கிருவாக. நீ பேசிக்கிட்டு நிக்காத, ஓடு."

ஜீப்பிலிருந்து தார்ப்பாய் கட்டும் நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டேன். பேச்சியும் அவளோடு ஆறேழு பெண்களும் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆனைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் பேசிக்கொண்டே ஏறினோம். தைல மரக் காட்டுக்குள் நுழைந்ததும் அந்த வாசம் மூக்கில் ஏறியது. மழை பெய்த இலையின் வாசம். அதை முகர்ந்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நடு ஓடையில் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் முழங்காலில் வீங்கி நீண்டு கிடந்தது. வழுக்கி விழுந்து, அந்தப் பாறையில் ஏறி உட்கார்ந்த பிறகு வெள்ளம் வந்திருக்கிறது. தண்ணீர் பாறையின் மேல்விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் போனது. எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் கத்தினார்.

"மணி என்ன மாப்ளே?"

"என்னது?"

"மணி! நோன்பு தொறக்க எம்புட்டு நேரம் இருக்கு?"

சுற்றிலும் தண்ணீர். அதில் ஒரு வாய் குடிக்காமல் மழை நேரம் முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறார். இருக்கிறது என்று சைகை காட்டினேன். அடுத்ததாகப் பெண்களை எண்ணிப் பார்ப்பதுபோல ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"எதுக்கு மாப்ளே இத்தன பேரு?"

கயிற்றைச் சுருட்டி வீசினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒரு கல்லைக் கட்டி வீசினேன். கல் அவிழ்ந்து போனது. பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த கம்பை எடுத்தார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றார்.

அவர் தூண்டில் வீசி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தபடியே வீசினார். ஈரத் துண்டை உதறுகிற மாதிரி கம்பு முன்னே வந்தது, பின்னே போனது. ஒவ்வொரு உதறலுக்கும் நூல் நீண்டது. தலைக்கு மேலே அது வளைந்து வளைந்து பறந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் கை மட்டும் அவசரமே இல்லாமல் இருந்தது. கடைசியில் நூலை விட்டார். அது வெள்ளத்தைத் தாண்டி வந்து, பேச்சியின் கொங்காணியில் சுருக்கென்று மாட்டியது.

"ஏய் ராவுத்தரே! இத்தன வருசமா இதுக்குத்தேன் மலைக்கு வந்தீகளா?" என்று கத்தினாள் பேச்சி. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பயம் கொஞ்சம் விட்டது.

நூலில் கயிற்றின் நுனியைக் கட்டினேன். தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடித்து விட்டோம். அவர் இழுத்து வாங்கி, பாறையிலும் இடுப்பிலும் சுற்றிக்கொண்டார். இந்தப் பக்கம் ஒரு தைல மரத்தில் கட்டினோம். இடுப்பளவு தண்ணீரில் நான் இறங்கினேன். பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கம்பைச் சட்டையின் முதுகில் செருகிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் ஒருமுறை அவரை முழுசாக மூடியது. கை கயிற்றை விடவில்லை. எட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்து நேரமாகிவிட்டது என்றேன். பாங்கு கேட்காத காடு. பேச்சியின் தூக்குவாளியில் கொஞ்சம் தக்காளிச் சோறு மிஞ்சியிருந்தது. முதலில் ஒரு வாய் தண்ணீர், பிறகு அந்தச் சோறு. கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

"எப்படி மாப்ளே கண்டுபிடிச்ச?"

பேச்சி என்னைப் பார்த்தாள். "கூப்புட்டுக்கிட்டே வந்தோம் மாமா" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை. ஓடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செத்த மீன்களைப் பாலத்து மேலே நின்று பார்த்தவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

தாங்கலாகப் பிடித்து முக்குக்கு இறக்கிக் கொண்டுவந்தோம். டீக்கடையில் கூட்டம். சேட்டன் கம்பளி கொண்டுவந்து போர்த்திவிட்டு, எங்கே மாட்டிக்கொண்டார் என்று எல்லோரும் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"எவிடெயா ராவுத்தரே குடுங்கியது? எந்த ஓடையில?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். ராவுத்தருக்குத் துடைக்க ஜீப் கண்ணாடி இல்லை, அடிக்க ஹாரன் இல்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்தார்.

"வேற எங்கன? பாலத்து ஓடையிலதேன்" என்றாள் பேச்சி.

"கொய்யா மரத்தத் தாண்டி" என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டாவது பாற" என்றாள் அவளுக்குப் பின்னால் நின்றவள். "அங்கனதேன் குந்தியிருந்தாக. நாங்க கண்ணால பாத்தோம்."

ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் தலையாட்டினார்கள். ராவுத்தர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "டீ நல்லாருக்கு சேட்டா" என்றார்.

அந்தப் பெண்கள் யாரும் அந்த ஓடையைப் பற்றி அதற்கப்புறம் ஜீப்பில்கூடப் பேசியதில்லை. அவரிடம் "எந்தப் பக்கம்?" என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். மழைக்காலம் ஆரம்பிக்கும்போது நான் மருந்தடிப்பை விட்டேன். பிறகு எங்கெங்கோ போனேன். ஓசூரில் இருந்தபோது பேச்சி போன் செய்து, நெஞ்சுவலி வந்து ராவுத்தர் போய்விட்டார் என்றாள். போடிக்குப் போக அப்போது தோதுப்படவில்லை.

போன பங்குனியில்தான் போனேன். அக்காள் வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். தான் நோன்பு என்றார், எனக்கு மட்டும் டீ போட்டுவந்தார். முற்றத்தில் சாம்பல் சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்து நிறைய இறகு, மாலை போட்ட மாதிரி. நான் கையை நீட்டினேன். அது ஓடவில்லை. ஆளைக் கண்டு ஓடுகிற பழக்கமே அதற்கு விட்டுப்போயிருந்தது.

"பாத்தியா, யாரும் பிடுங்குறது இல்லைல்ல. கொழுத்துப் போச்சு" என்றார் அக்காள்.

"வீட்டுல இருந்துக்கிட்டே எடத்தச் சொன்னீக. அந்த ஓடைய ஒரு தடவகூடப் பாத்தது இல்லையாக்கா?"

"எங்க பாக்க? வாசம்தேன் தெரியும்."

"வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கே போவோம்."

அவர் சேவலைப் பார்த்தார்.

"வேணாம் தம்பி. பாத்துட்டேன்னா எனக்கும் எடம் தெரிஞ்சு போகும். யாராச்சும் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நோன்பு மாசம்."